ராமேஸ்வரத்து மரச்சிலந்திக்காகத் தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர், உறுப்பினர் செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ராமேஸ்வரம் தீவிலும் அதை ஒட்டிய ராமநாதபுரம் கரையிலும் பழைய மரப் பொந்துகளில் ஒரு பெரிய சிலந்தி வாழ்கிறது. கால்களை விரித்தால் உள்ளங்கையை மறைத்துவிடும். சாம்பலும் கறுப்புமான உடம்போடு மரப்பட்டையில் ஒட்டி உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கி, அடிப்பக்கத்து மஞ்சளைக் காட்டி மிரட்டும். 2004இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஸ்மித் இதைப் புதிய இனமாக விவரித்து, ராமேஸ்வரத்து அனுமன் கோயிலின் பெயரைச் சேர்த்து, பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார். நான்கே ஆண்டுகளில், 2008இல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். வெளியிடும் செம்பட்டியலில் இது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக மதிப்பிடப்பட்டது.

இந்தச் சிலந்திக்கு ஒரு நீண்டகால ஆய்வுத் திட்டம் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். திட்டத்தில் மரபணு ஆய்வும் களக் கவனிப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஒரு குழு, காட்டுக்கு ஒரு குழு என்று பிரித்து, ஐந்து வருடம் கழித்து இரண்டு அறிக்கைகளை ஒன்றாகத் தைக்கிற வேலை வேண்டாம். ஏன் என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. 2022இல் நீலகிரி வரையாட்டுக்குத் தனித் திட்டம் வந்தது. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்குக் காப்பகம் வந்தது. கடவூர்ப் பக்கம் தேவாங்குக்குச் சரணாலயம் வந்தது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் இந்தச் சிலந்தி காப்புக்காட்டில் மட்டும் இருக்கும் உயிர் இல்லை. அது இருக்கும் மரம் பட்டா நிலத்தில் நிற்கும், கோயில் நந்தவனத்தில் நிற்கும், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும், பள்ளிக்கூட வளாகத்தில் நிற்கும். அங்கெல்லாம் வனத்துறையின் வேலி கிடையாது. உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதச் சொல்லும் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 2022இல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்ததும் அந்தச் சட்டத்தின்கீழ்தான். தனியார் புளியந்தோப்பில் வாழும் ஒரு சிலந்திக்கு இதைவிடப் பொருத்தமான கதவு எனக்குத் தெரியவில்லை.

களத்திலிருந்து தொடங்குகிறேன். பொயிசிலோதீரியா என்பது பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள பல இனங்களின் தொகுதி. இந்தப் பேரினத்தின் பெண் சிலந்தி ஊர் சுற்றுவதில்லை. ஒரு பொந்து அமைந்துவிட்டால் உள்ளே பட்டு இழை பூசி அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். இரவில் வாசலுக்கு வந்து காத்திருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் வரும் பூச்சியைப் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடிவிடும். குஞ்சுகள் கொஞ்ச காலம் தாயோடு அதே பொந்தில் இருக்கும். ஆண் வேறு மாதிரி. கடைசியாகத் தோலுரித்து முதிர்ந்ததும் பொந்தை விட்டுப் பெண்ணைத் தேடி நடக்கத் தொடங்கும். அதன் பிறகு அதற்கு மிஞ்சியிருப்பது சில மாதங்கள்தான். ஊர்க்காரர் வீட்டுச் சுவரில் கண்டு அலறுவது பெரும்பாலும் இப்படி அலையும் ஆணாகத்தான் இருக்கும். பாவம், அது பெண் தேடி வந்தது, கிடைப்பது துடைப்பம். (கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், மறுக்கவில்லை. ஆனால் தானாக வந்து யாரையும் கடிக்காது.)

பெண் உட்கார்ந்தே இருக்கிறது, ஆண் மட்டும் நடக்கிறது. மரபணு ஆய்வின் முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இந்தச் சின்ன விஷயந்தான் தீர்மானிக்கிறது.

இன்று இன அடையாளத்துக்குப் பரவலாகப் பயன்படுவது டி.என்.ஏ. பார்கோடு முறை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்தது. விலங்குகளில் சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். செலவு குறைவு, சீக்கிரம் முடியும், கல்லூரி ஆய்வகத்தில்கூடச் செய்யலாம். குஞ்சுச் சிலந்தியை உருவத்தை வைத்து இனம் சொல்ல முடியாது, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்ற பழைய தொல்லை இதில் இல்லை. இதுவரை எல்லாம் சரி.

ஆனால் சி.ஓ.ஐ. இருப்பது உயிரணுவின் உட்கருவில் இல்லை, அதற்கு வெளியே உள்ள மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில். அது தாய்வழியாக மட்டுமே வருகிறது. பெண்கள் நகராத ஒரு சிலந்தியில், பக்கத்துப் பக்கத்துத் தோப்புகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பெண்களின் சி.ஓ.ஐ. கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். நடுவில் ஆண்கள் நடந்துபோய் மற்ற மரபணுக்களைக் கலந்துகொண்டிருந்தாலும் இந்தத் துண்டில் அது தெரியாது. விளைவாக, பார்கோடை மட்டும் பார்த்தால் ஒரே இனம் நான்கு இனமாகத் தெரியும். அந்த நான்குக்கும் யாராவது பெயர் வைத்துவிட்டால், அப்புறம் அதைக் கழற்ற இன்னொரு தலைமுறை ஆகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவின் அஃபோனோபெல்மா என்ற டரான்டுலா (பெரிய, மயிரடர்ந்த சிலந்தி) பேரினத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்நாட்டில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதாகப் பழைய நூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. பல, ஒன்றிரண்டு மாதிரிகளை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து பிரித்தவை. கிறிஸ் ஹாமில்டன், பிரென்ட் ஹென்ட்ரிக்சன், ஜேசன் பாண்ட் ஆகிய மூவரும் பத்தாண்டுக்கு மேல் பாலைவனமும் மலையுமாக அலைந்து, ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பார்த்தார்கள். சி.ஓ.ஐ. மட்டும் போதாது என்று கண்டு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும், உட்கருவில் இருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுப் பகுதிகளையும் படித்தார்கள். எந்த இனம் எந்த உயரத்தில் இருக்கிறது, ஆண்கள் எந்தப் பருவத்தில் அலைகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: அங்கே இருப்பது 29 இனங்கள். பழைய பெயர்களில் பெரும்பகுதி நீங்கியது. அதே சமயம் அதுவரை யாரும் கவனிக்காத 14 புதிய இனங்கள் உள்ளே வந்தன. அவற்றில் ஒன்று கலிஃபோர்னியாவில் ஃபால்சம் சிறைக்குப் பக்கத்தில் கிடைத்தது. ஆண் முழுக்கக் கறுப்பு. அந்தச் சிறையைப் பாடியவர், கறுப்பு உடையில் மேடையேறியவர் என்பதால் பாடகர் ஜானி கேஷின் பெயரை அதற்கு வைத்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு.

ஒரே ஆய்வு இரண்டு பக்கத் தவற்றையும் திருத்தியது என்பதைக் கவனியுங்கள். இல்லாத இனங்களை நீக்கியது, இருந்த இனங்களைக் கண்டுபிடித்தது. மரபணுவோ களமோ தனியாக இதைச் செய்திருக்காது.

இப்போது நம் கடலுக்கு வருவோம். ராமேஸ்வரம் பகுதிக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த இந்தச் சிலந்தி, எதிர்க்கரையில் இலங்கையின் மன்னாரிலும் இருப்பதை ரனில் நாணயக்கார தலைமையிலான குழு 2015இல் அறிவித்தது. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே சுவையான இடம். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்போது ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையே இருந்தது தரை. மரங்களும் இருந்திருந்தால் சிலந்தி நடந்தே போயிருக்கலாம். பிறகு கடல் ஏறி இரு பக்கத்தையும் பிரித்தது.

அப்படியானால் இந்த இரண்டு கூட்டமும் அந்தக் காலத்தில் பிரிந்தவையா? அல்லது பின்னால் மரக்கலங்களில், கட்டை ஏற்றிய தோணிகளில் ஒளிந்து போனவையா? இரண்டு கரையிலும் சில மாதிரிகளில் உட்கரு மரபணுக்களைப் படித்தால் இதற்கு விடை தேடலாம். பத்தாயிரம் ஆண்டுப் பிரிவும் நூறு ஆண்டுப் பிரிவும் மரபணுவில் ஒரே மாதிரி தெரியாது. விடை வெறும் ஆர்வத்துக்காக மட்டும் இல்லை. நெடுங்காலம் பிரிந்தவை என்றால் ஒவ்வொரு கரையையும் தனித்தனியாகக் காப்பாற்ற வேண்டும். நாளை இங்கே அழிந்தால் அங்கிருந்து கொண்டுவந்து விட முடியாது. அண்மையில் போனவை என்றால் கணக்கு வேறு.

1964 டிசம்பர் புயலையும் இதில் சேர்க்க வேண்டும். தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலில் தீவின் மரங்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டம் திடீரென்று சிறுத்துப்போய் மறுபடி பெருகினால் மரபணு வேற்றுமை குறைந்த தடம் மிஞ்சும். தீவுச் சிலந்திகளையும் பாம்பனுக்கு இந்தப் பக்கம் மண்டபம் பகுதிச் சிலந்திகளையும் ஒப்பிட்டால் அந்தத் தடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மாதிரிகளைக் கடல் தாண்டி அனுப்ப இரு நாட்டுச் சட்டமும் அனுமதிகள் கேட்கும், தெரியும். ஆனால் சிலந்தியின் கால் கடலைக் கடக்க வேண்டியதே இல்லை. இங்கே எடுத்ததை இங்கே படிக்கலாம், அங்கே எடுத்ததை அங்கே படிக்கலாம். ஒரே மரபணுப் பகுதிகள், ஒரே செய்முறை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, எழுத்து வரிசைகளை மட்டும் வெளிப்படையாக வெளியிட்டு ஒப்பிட்டால் போதும். வண்டலூரில் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது; ஹைதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் கீழ், அழிநிலை உயிர்களுக்கான லாகோன்ஸ் ஆய்வகம் இருக்கிறது. ஆய்வகத்துக்குப் பஞ்சமில்லை.

இதற்காக எத்தனை சிலந்தியைக் கொல்ல வேண்டும் என்று உறுப்பினர் யாராவது கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். மரபணுவுக்காக ஒன்றைக்கூடக் கொல்ல வேண்டாம். ஒரு காலின் நுனி போதும். சிலந்தி ஆபத்தில் தானே காலை உதிர்த்துவிடும் உயிர். வளரும் சிலந்திக்கும் பெண்ணுக்கும் அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் திரும்ப முளைக்கும். முதிர்ந்த ஆண் மறுபடி தோலுரிப்பதில்லை, அதனால் அதன் காலில் கைவைக்கக் கூடாது என்று விதி எழுதலாம். பொந்து வாசலில் கிடக்கும் புதிய தோலுரியிலிருந்துகூட டி.என்.ஏ. எடுக்கலாம், வெயிலும் ஈரமும் பட்டு நாளானால் கெட்டுவிடும் என்பதால் யாராவது அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். களத்தில் ஆள் இல்லாமல் ஆய்வகம் நடக்காது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. உருவ ஒப்பீட்டுக்கு முழு மாதிரி தேவைப்படும். அதற்குத் தானாகச் செத்தவை, சாலையில் அடிபட்டவை, வீட்டில் அடிக்கப்பட்டவை கிடைக்கும். அவற்றை ஃபார்மலினில் போட்டுக் கெடுத்துவிடாமல் அடர் எத்தனாலில் போட ஊராட்சிக்கு ஒரு புட்டி கொடுத்து வைத்தால் போதும்.

அந்த மாதிரிகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அடுத்த கவலை. இந்தப் பேரினத்தின் வரலாற்றில் நம் ஊர்கள் நிறைய உண்டு. லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த விலங்கியலாளர் போக்காக், 1899இல் பல இனங்களை விவரித்தார். பொயிசிலோதீரியா ரீகாலிஸ் அரக்கோணத்திலிருந்து போன மாதிரி. ஃபார்மோசா சேலத்துச் சிலந்தி. நீல நிறத்துக்கு உலகப் புகழ்பெற்ற மெட்டாலிகா, ஆந்திரத்தின் கூட்டியில் கிடைத்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டு அதைக் காட்டில் யாரும் பதிவு செய்யவில்லை, 2001இல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் திரும்பக் கண்டார்கள். ஓர் இனத்தின் பெயர் முதலில் விவரித்த மாதிரியோடும் அது கிடைத்த ஊரோடும் கட்டப்பட்டது. ஆகவே ரீகாலிஸ் என்ற பெயருக்கு உரிய மரபணு எது என்று ஐயமில்லாமல் சொல்ல வேண்டுமானால் அரக்கோணத்துச் சிலந்தி வேண்டும். ரயில் சந்திப்பும் கடற்படை விமானதளமுமாகிவிட்ட ஊரில் பழைய மரம் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி இல்லாத மரபணு வரிசையால் பயன் குறைவு என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பொதுத் தரவுத்தளங்களில் தவறான இனப் பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம். யாரோ ஒரு மாணவர் அவசரத்தில் பெயர் போட்டிருப்பார். அடுத்தவர் அதோடு ஒப்பிட்டுத் தன்னுடையதற்கும் அதே பெயரைப் போடுவார். சரிபார்க்கலாம் என்றால் சிலந்தி எந்தப் புட்டியிலும் இருக்காது. உங்கள் நிதியில் படிக்கப்படும் ஒவ்வொரு வரிசைக்கும் எண் போட்ட மாதிரியோ, குறைந்தது காலின் மீதியும் தெளிவான படங்களுமோ, சென்னையிலேயே ஒரு பொதுச் சேகரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். வெளிநாட்டில் வளர்ப்பவர்களிடம் இந்தப் பேரினச் சிலந்திகள் இனப்பெருக்கம் செய்யப்பட்டு நிறைய இருக்கின்றன. எந்த ஊர், எந்த மரம் என்ற விவரம் இல்லாததால் மேலே கேட்ட கேள்விகள் ஒன்றுக்கும் அவற்றால் விடை சொல்ல முடியாது.

வளர்ப்புச் சந்தையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும். அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் உடன்படிக்கை. 2019இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் இந்தப் பேரினம் முழுவதையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். இனி அனுமதியின்றி எல்லை தாண்டி விற்க முடியாது. விற்கத் துணிபவருக்குத் தேவை இடம் பற்றிய தகவல். கைப்பேசிப் படத்தோடு துல்லியமான இருப்பிடமும் சேர்ந்து வெளியாகும் காலம் இது. மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் இந்தச் சிலந்தி இடம்பெற வேண்டும், ஆனால் மரத்தின் அடையாளம் பொதுப் பார்வைக்குப் போகக் கூடாது. கிராமத்தின் பெயர் வரை போதும்.

காலக்கெடுவைப் பற்றியும் பேச வேண்டும். மூன்றாண்டுத் திட்டம் என்று அச்சடித்த படிவம் இந்த உயிருக்குப் பொருந்தாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974இல் பொறிக்கதவு வளைச் சிலந்திகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டுக் கவனிக்கத் தொடங்கினார். வளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண் தகடு, அவ்வளவுதான் கருவி. அந்த வரிசையில் 16ஆம் எண் பெண் சிலந்தி 43 ஆண்டுகள் அதே வளையில் வாழ்ந்தது. 2016இல் ஒட்டுண்ணிக் குளவியால் செத்தபோது, பதிவான சிலந்திகளிலேயே நெடுநாள் வாழ்ந்தது அதுதான். அம்மையார் வயது முதிர்ந்து ஓய்ந்த பின்னர் லியாண்டா மேசன் அந்த வேலையைத் தொடர்ந்ததால்தான் முடிவு நமக்குத் தெரிகிறது. நம் மரச்சிலந்தி அவ்வளவு காலம் வாழாது. ஆனாலும் பெண் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய பேரினம் இது. மூன்று ஆண்டில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையைக்கூடப் பார்த்து முடிக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது பெரிய தொகை இல்லை, நீளமான காலம். தீவிலும் மண்டபம் பக்கமும் பொந்துள்ள பழைய மரங்களைக் கணக்கெடுத்து எண்ணிட வேண்டும். புளியமரத்தோடு நிறுத்தாமல் பனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தந்த ஊரில் இருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, ஆண்டு முழுக்க இரவில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்க வைக்க வேண்டும். எந்தப் பொந்தில் பெண் இருக்கிறது, எந்த மாதத்தில் ஆண் அலைகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பனையேறும் குடும்பத்து இளைஞர் ஒருவர் இந்த வேலையில் முனைவர் பட்டக்காரரைவிட நன்றாகச் செய்வார் என்பது என் கருத்து. அவர் பெயரும் ஆய்வுக் கட்டுரையில் வர வேண்டும்.

இதோடு ஒரு சிறு உத்தரவும். எண்ணிட்ட மரத்தை வெட்ட நெடுஞ்சாலைத் துறையோ கோயில் நிர்வாகமோ தோப்புக்காரரோ கேட்டால், வெட்டும் முன் ஒரு இரவு பார்வையிடல் கட்டாயம் என்று ஆக்குங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசே சொல்லியிருக்கிறது. இதைச் சொல்வதும் முடியாத காரியம் இல்லை. பொந்துள்ள மரம் ஊருக்குப் பட்டுப்போன மரமாகத் தெரியும். சாலை அகலப்படுத்தும்போது முதலில் ஏலத்துக்குப் போவதும் அதுதான்.

வாரியம் இந்தக் கோரிக்கையை ஏற்பதாக இருந்தால், மரக் கணக்கெடுப்பை முதலில் தொடங்கிவிடலாம். அதற்கு ஆய்வக ஒப்பந்தமோ, இலங்கையோடு பேச்சோ, மாதிரி எடுக்கும் அனுமதியோ எதுவும் தேவையில்லை. ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். சுற்றறிக்கைக்கான வரைவையும் மரப் பதிவுப் படிவத்தையும் தமிழில் எழுதித் தர நானும், இந்தப் பக்கத்து விலங்கியல் ஆசிரியர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்.